பேசிய விலை பேசியதுதானா? உடன்படிக்கையின் நடுவில் ஏறும் இன்டர்நெட் கட்டணம்

ஒரு பொருளுக்கு விலை பேசி, அட்வான்ஸும் வாங்கிய பின்னர், "விலை கூடிவிட்டது, மேலதிகமாகத் தாருங்கள்" என்று கேட்கும் வியாபாரியை எமது சந்தையில் எவரும் இரண்டாம் முறை தேடிச் செல்வதில்லை. அவ்வாறு கேட்பவருக்கு வாங்க வந்தவர் சொல்லும் பதிலும் எளிமையானது. "அப்படியானால் அட்வான்ஸைத் திருப்பித் தாருங்கள், நான் வேறு கடை பார்க்கிறேன்" என்பார். விலை மாறினால் கொடுக்கல் வாங்கல் முறியும். சந்தையின் பழைய நியதி இது.

ஆனால், எமது கடைகளுக்கும் வீடுகளுக்கும் எடுத்திருக்கும் இன்டர்நெட் இணைப்பில் இந்த நியதி செல்லுபடியாவதில்லை. ரவுட்டரைச் சலுகை விலையில் தந்து, அல்லது இணைப்புக் கட்டணத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதம் அல்லது இருபத்து நான்கு மாதம் விலகக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இடையில் விலகினால் தண்டப்பணம். ஆனால் அதே உடன்படிக்கையின் சிறிய எழுத்துக்களில், கட்டணங்களை அவ்வப்போது திருத்தும் உரிமை தங்களுக்கு உண்டு என்றும் எழுதி வைக்கிறார்கள். வாங்குபவர் கட்டுண்டவர், விற்பவர் சுதந்திரமானவர். இது எந்த வகையான உடன்படிக்கை என்று நாம் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டியுள்ளது.

முன்னொரு காலத்தில் இன்டர்நெட் என்பது வீட்டுப் பிள்ளைகளின் விடயம். இன்று நிலைமை அப்படியல்ல. கார்ட் மெஷின் அதில்தான் ஓடுகிறது. கியூஆர் மூலம் வாடிக்கையாளர் செலுத்தும் பணம் அதன் வழியாகத்தான் வருகிறது. வட்ஸ்அப்பில் ஓர்டர் வருகிறது, வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம், வரிப் படிவம் நிரப்புகிறோம், கடையின் சிசிடிவியை வீட்டிலிருந்து கவனிக்கிறோம். மின்சாரம், தண்ணீர், கடை வாடகை ஆகியவற்றுடன் நான்காவது நிலையான செலவாக இன்டர்நெட் சேர்ந்துவிட்டது. அதனால்தான் இதனைப் பில் விவகாரம் என்று தட்டிவிட முடியாது.

2022இல் நடந்தது என்ன?

2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் கையடக்கத் தொலைபேசி, நிலையான தொலைபேசி, புரோட்பேண்ட் ஆகியவற்றின் கட்டணங்களை 20 சதவீதத்தாலும், கட்டணத் தொலைக்காட்சியை 25 சதவீதத்தாலும் அதிகரிக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. அந்த உயர்வு புதிதாக இணைபவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஏற்கனவே உடன்படிக்கையில் இருந்தவர்களுக்கும் அது பொருந்தியது.

கொம்பனிகளின் பக்கம் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அந்த வருடத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறியது. மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு. கோபுரங்களை இயக்க டீசல் தேவை, டீசலுக்கோ வரிசை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதனோடு ஒப்பிட்டால் 20 சதவீதம் சிறியதுதான். இறக்குமதி செய்பவர்களாகிய நாமும் அந்த வருடத்தில் பழைய விலைக்குச் சரக்குக் கொடுக்க முடியாமல் தத்தளித்தவர்கள்தான்.

எனவே விலையைக் கூட்டியது சரியா பிழையா என்பதல்ல எமது கேள்வி. கூட்டிய விலையை ஏற்க விரும்பாதவருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் வழி இருந்ததா என்பதே கேள்வி. பிரதான கொம்பனிகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே சதவீதத்தால் ஏற்றும்போது, விலகிச் சென்று எங்கே இணைவது? இன்னொன்றையும் கேட்க வேண்டும். டொலர் ஏறியபோது விலை ஏறியது. டொலர் இறங்கினால் அதே வேகத்தில் விலையும் இறங்கும் என்று எந்த உடன்படிக்கையிலாவது ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறதா?

வரி எவ்வளவு, விலை எவ்வளவு?

பில் கூடியதற்கு முழுப் பழியையும் கொம்பனியின் தலையில் போடுவதும் நீதியாகாது. பெறுமதி சேர் வரி, அதாவது வெட், 2022 ஜூன் மாதத்தில் 8இலிருந்து 12 சதவீதமாகவும், அதே வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதி 15 சதவீதமாகவும், 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 சதவீதமாகவும் ஏறியது. 2022 ஒக்டோபர் முதல் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்து சேர்ந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொலைத்தொடர்பு வரியை ஒரு புறம் வைத்துவிட்டு, இவ்விரு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2022 ஓகஸ்டில் மாதம் 5,000 ரூபா பெக்கேஜ் ஒன்றுக்கு 12 சதவீத வெட் சேர்த்தால் 5,600 ரூபா. 20 சதவீத உயர்வோடு பெக்கேஜ் 6,000 ரூபா. அதனுடன் 2.5 சதவீதம் சேர்த்து 6,150 ரூபா. அதற்கு மேல் 18 சதவீத வெட் சேர்த்தால் 2024 ஜனவரியில் 7,257 ரூபா. கூடியது 1,657 ரூபா, ஏறக்குறைய 30 சதவீதம். இதில் கொம்பனி கூட்டியது 1,000 ரூபா. மீதி 657 ரூபா அரசாங்கத்துக்கு.

இங்கே சிறு வியாபாரிக்கு இன்னொரு அடியும் இருக்கிறது. வெட் பதிவுள்ள பெரிய நிறுவனம் முறையான வரிப் பட்டியல் பெற்று, தான் செலுத்திய வெட்டை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும். பதிவில்லாத சிறிய கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு அந்த வரி முழுவதும் செலவுதான். ஆகவே ஒரே பெக்கேஜுக்கு ஒரே பில் வந்தாலும் பெரியவர் சுமப்பதை விட அதிகமாகச் சுமப்பவர் சிறியவரே.

விலையைக் கூட்டாமலும் விலை ஏற்றலாம் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. பிஸ்கட் பக்கட்டின் விலை அப்படியே இருக்க, உள்ளே நிறை குறைவதைப் பார்த்திருக்கிறோம். இன்டர்நெட்டிலும் அவ்வாறே. மாதாந்த டேட்டா அளவைக் குறைப்பது, பகல் டேட்டாவைக் குறைத்து இரவு டேட்டாவைக் கூட்டிக் காட்டுவது, ஒரு பெக்கேஜை நிறுத்திவிட்டு அதற்கு அடுத்த கூடிய விலைப் பெக்கேஜுக்கு மாறச் சொல்வது என்பனவெல்லாம் இதே வகையைச் சேர்ந்தவை. கடை திறந்திருக்கும் நேரத்தில்தான் எமக்கு டேட்டா தேவை. நள்ளிரவுக்குப் பின்னர் கிடைக்கும் டேட்டாவால் பிடவைக் கடைக்கு என்ன இலாபம்?

போக இடம் குறைந்து வருகிறது

1991 வரை தொலைபேசி என்பது அரசாங்கத் திணைக்களம். ஒரு லைன் எடுப்பதற்கு வருடக்கணக்கில் காத்திருந்ததை எமது வயதினர் மறக்கமாட்டார்கள். 1996இல் சன்டெல், லங்கா பெல் ஆகிய இரு கொம்பனிகளுக்குக் கம்பியில்லா நிலையான தொலைபேசிக்கு அனுமதி கிடைத்த பின்னர்தான் காத்திருப்புப் பட்டியல் என்ற நோய் தீரத் தொடங்கியது. போட்டியின் பரகத் அது.

2009ஆம் ஆண்டு எயார்டெல் வந்தபோது நாட்டில் ஐந்து கையடக்கத் தொலைபேசிக் கொம்பனிகள் இருந்தன: டயலொக், மொபிடெல், டிகோ, ஹட்ச், எயார்டெல். விலைகள் அடிபட்டு விழுந்தன. பாவனையாளருக்குக் கொண்டாட்டம். ஆனால் 2010இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தலையிட்டு, அழைப்புக் கட்டணம் இந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எல்லை வைத்தது. கொம்பனிகள் நட்டத்தில் மூழ்கிவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அதன் பின்னர் ஒவ்வொன்றாக இணைந்தன. டிகோ எடிசலாட் ஆனது. 2012இல் சன்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. 2018இல் எடிசலாட் ஹட்சுடன் சேர்ந்தது. 2024 ஜூன் மாதம் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. ஐந்து மூன்றாகிவிட்டது. பைபர் இணைப்பை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். பல ஊர்களில் ஒரே ஒரு கொம்பனியின் கம்பிதான் கடை வாசலுக்கு வருகிறது. அது வேண்டாம் என்றால் 4ஜி ரவுட்டர்தான் கதி. சன நெரிசலான கடைத் தெருக்களில் பின்னேர வேளையில் 4ஜி எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பது கார்ட் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கும் காசாளருக்குத் தெரியும்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இன்டர்நெட் இலங்கையில் ஆரம்பமானது. கம்பியும் கோபுரமும் எட்டாத இடங்களுக்கு அது நல்லதொரு தெரிவு. ஆனால் சாதனத்தின் விலையையும் மாதக் கட்டணத்தையும் பார்த்தால் சில்லறைக் கடைக்குத் தாங்காது.

எமது காலைக் கட்டிப்போடும் இன்னொரு விடயம் தொலைபேசி இலக்கம். கடையின் பெயர்ப்பலகையில் அந்த இலக்கம். பில் புத்தகத்தில், பையில், கலண்டரில் அதே இலக்கம். இருபது முப்பது வருடங்களாக வெளியூர் வியாபாரிகள் மனப்பாடம் செய்து வைத்திருப்பதும் அதுதான். அந்த லைனிலேயே புரோட்பேண்டையும் எடுத்துவிட்டால், இன்டர்நெட் கொம்பனியை மாற்றுவது என்பது கடையின் இலக்கத்தையே பணயம் வைப்பதாகிவிடுகிறது. தண்டப்பணத்தை விட இந்தப் பயமே பலரை அசையவிடாமல் வைத்திருக்கிறது.

பிரித்தானியாவில் ஒரு படிப்பினை

உடன்படிக்கையின் நடுவில் விலை ஏற்றும் பிரச்சினை எமக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் 2014 முதல், நிலையான காலத்துக்கு ஒப்பந்தம் செய்தவருக்கு எதிர்பாராத விதமாக விலையைக் கூட்டினால் அவர் தண்டப்பணம் இன்றி விலகலாம் என்ற நிலைப்பாட்டை அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒப்கொம் எடுத்தது. கொம்பனிகள் சும்மா இருக்கவில்லை. "ஒவ்வொரு வருடமும் பணவீக்கத்துடன் 3.9 சதவீதத்தையும் சேர்த்துக் கூட்டுவோம்" என்று உடன்படிக்கையிலேயே எழுதத் தொடங்கின. முன்கூட்டியே எழுதியிருப்பதால் அது எதிர்பாராத உயர்வு அல்ல என்பது அவர்களது வாதம். 2023இல் அதன் விளைவு தெரிந்தது. பணவீக்கம் 10.5, அதனுடன் 3.9, மொத்தம் 14.4 சதவீத உயர்வு. பாவனையாளர் விலகவும் முடியவில்லை.

இறுதியில் 2025 ஜனவரி 17ஆம் திகதி முதல் செய்யப்படும் புதிய உடன்படிக்கைகளில் பணவீக்கத்தோடு தொடர்புபடுத்திய உயர்வுகளை ஒப்கொம் தடை செய்தது. கூட்டுவதாயின் எத்தனை பவுண், எத்தனை பென்ஸ், எந்த மாதத்திலிருந்து என்பதைக் கையெழுத்திடும்போதே சொல்லிவிட வேண்டும். இதிலும் குறை உண்டு. மாதம் 3 பவுண் கூட்டுவதாகச் சொன்னால், 60 பவுண் கட்டுபவருக்கு அது 5 சதவீதம், 20 பவுண் கட்டும் ஏழைக்கோ 15 சதவீதம். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

அங்கே இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. ஓபன்ரீச் என்ற நிறுவனம் பராமரிக்கும் கம்பி வலையமைப்பின் மேல் பல கொம்பனிகள் தமது இன்டர்நெட் சேவையை விற்கின்றன. பாதை ஒன்று, பஸ்கள் பல. 2024 செப்டெம்பர் முதல், புதிய கொம்பனியிடம் சொன்னாலே போதும், பழைய கொம்பனியிடமிருந்து இணைப்பை அதுவே மாற்றி எடுத்துக்கொள்ளும். எமது நாட்டிலோ ஒவ்வொரு பஸ் கொம்பனியும் தனக்கென ஒரு பாதை போட வேண்டும். பாதை இல்லாத ஊரில் பஸ்ஸும் இல்லை.

மார்க்கம் காட்டும் வழி

இவையெல்லாம் மேற்கத்தேயர் புதிதாகக் கண்டுபிடித்தவை என்று எண்ண வேண்டியதில்லை. சூரத்துல் மாயிதா, உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்கு இடும் கட்டளையுடன்தான் ஆரம்பமாகிறது. அந்தக் கட்டளை வாங்குபவருக்கு மட்டும் உரியதல்ல. இஜாரா எனப்படும் வாடகை ஒப்பந்தத்தில் கூலி இவ்வளவு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. தெரியாத விலையில் கரர், அதாவது நிச்சயமற்ற தன்மை, நுழைந்துவிடுகிறது.

இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நியமங்களை வகுக்கும், பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி அமைப்பு மாறும் வாடகையை அனுமதிக்கிறது. ஆனால் நிபந்தனைகளோடு. முதற் காலப்பகுதியின் வாடகை திட்டவட்டமாக இருக்க வேண்டும். அடுத்த காலப்பகுதிகளுக்கு இரு தரப்பும் அறிந்த தெளிவான அளவுகோல் வேண்டும். அதற்கு மேலெல்லையும் கீழெல்லையும் இருக்க வேண்டும். "அவ்வப்போது திருத்தும் உரிமை எமக்கு உண்டு" என்ற ஒற்றை வரி இந்த அளவுகோலில் நிற்குமா?

எமது கடை வாடகை ஒப்பந்தங்களையே பாருங்கள். கீமணி கொடுத்து இரண்டு வருடத்துக்குக் கடை எடுக்கும்போது, முதல் வருடம் இவ்வளவு, இரண்டாம் வருடம் இவ்வளவு என்று நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்கிறோம். கடை உரிமையாளர் ஆறாம் மாதத்தில் வந்து வாடகையைக் கூட்டினால் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுகிறோம். கடைக்கு உள்ள நியாயம் கடைக்குள் வரும் கம்பிக்கு ஏன் இல்லை?

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் நாமாகச் செய்யக்கூடியவையும் உண்டு.

1. குறைந்தபட்சக் காலம் எத்தனை மாதம்? இடையில் விலகினால் செலுத்த வேண்டியது ஒரு நிலையான தொகையா, அல்லது மீதி மாதங்களின் முழுக் கட்டணமா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

2. காலம் முடிவதற்குள் கட்டணத்தைக் கூட்டினால் தண்டப்பணமின்றி விலகலாமா? இல்லை என்றால், சலுகை ரவுட்டரை விட முழு விலை கொடுத்துச் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி, காலக்கட்டுப்பாடு இல்லாத இணைப்பை எடுப்பது இலாபமா என்று கணக்குப் பாருங்கள்.

3. விளம்பரத்தில் உள்ள விலை வரியுடனா, வரியில்லாமலா? மாதக் கடைசியில் கையிலிருந்து போகும் தொகையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

4. கடையின் நிலையான இலக்கத்தையும் இன்டர்நெட்டையும் முடிந்தவரை பிரித்து வையுங்கள். புதிய பெயர்ப்பலகை, பில் புத்தகம் அச்சிடும்போது இரண்டாவதாக ஒரு கையடக்க இலக்கத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.

5. கார்ட் மெஷினுக்கு வேறொரு கொம்பனியின் சிம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பிரதான இணைப்பு அறுந்தாலும் வியாபாரம் நிற்காது. இரண்டாவது கொம்பனி உங்கள் கடையில் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

6. குறைந்தபட்சக் காலம் முடியும் திகதியைக் காசோலைத் திகதி போல் டயரியில் குறித்து வையுங்கள். பேரம் பேசுவதற்கு உகந்த வாரம் அதுதான். விலகப்போகிறேன் என்று சொல்பவருக்கே நல்ல பெக்கேஜ் கிடைக்கிறது.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

தனியொரு கடைக்காரர் ஹொட்லைனுக்கு அழைத்துக் கத்துவதால் எதுவும் நடக்காது. நுகர்வோரைப் பாதுகாக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. கதவுகள் இருக்கின்றன. தட்டுவதற்குத்தான் ஆளில்லை.

ஊருக்கு ஊர் வர்த்தக சங்கங்கள் உண்டு. தீ விபத்து, பாதை அகலிப்பு, நடைபாதை வியாபாரம் என்று வரும்போது ஒன்றுகூடுகிறோம். இந்த விடயத்திலும் சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒரு பக்கக் கோரிக்கை போதும். அதில் மூன்றே மூன்று விடயங்கள் இருக்கட்டும். முதலாவது, உடன்படிக்கைக் காலத்தினுள் விலை ஏறுவதாயின் அந்தத் தொகையும் மாதமும் கையெழுத்திடும்போதே ரூபா சதத்தில் சொல்லப்பட வேண்டும். இரண்டாவது, சொல்லாமல் கூட்டினால் முப்பது நாட்களுக்குள் தண்டப்பணமின்றி விலக இடமளிக்க வேண்டும். மூன்றாவது, விலகும்போது கடையின் இலக்கத்தைக் கையோடு எடுத்துச் செல்ல வழி வேண்டும். இந்தியாவில் கையடக்க இலக்கங்களுக்கு 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் அந்த வசதி இருக்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பார்கள். 2010இல் கொம்பனிகளைக் காப்பாற்றுவதற்காக விலை கீழே இறங்க எல்லை வைத்தது இதே ஆணைக்குழுதான். விலை இறங்குவதற்கு எல்லை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, உடன்படிக்கையின் நடுவில் அது ஏறுவதற்கும் எல்லை வைக்கத் தெரியாமல் போகாது. கேட்பவர்கள் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு விடயமாகச் சேருங்கள். கூட்டத்துக்குப் போகும்போது கடைசி மூன்று மாத இன்டர்நெட் பில்லையும், கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பிரதியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பிரதி கிடைக்கவில்லை என்றால் நாளைக்கே கொம்பனியின் கிளைக்குப் போய் ஒன்று கேட்டு வாங்குங்கள்.